விண்மீன் பிறப்பை ஆய்ந்த சந்திரசேகர்

தை மாத இரவில், தாம்பரத்து மொட்டைமாடி ஒன்றில் நின்று கீழ்வானை நோக்கினால், வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டம் புலப்படும். அதன் இடைக்கச்சையாக விளங்கும் மூன்று மீன்களின் தென்புறத்தே மங்கிய புகைபோல் ஒன்று தெரியும். அதுவே ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் முகிற்பரப்பு.

இத்தகைய முகில்களின் உள்ளே குளிர் கடுமையானது. வெப்பநிலை சுழிக்குக் கீழே 263 பாகை செல்சியஸ் அளவினது. ஒரு கன சென்டிமீட்டரில் சில நூறு முதல் பல இலட்சம் வரை மூலக்கூறுகள் உண்டு. நாம் மூச்சிழுக்கும் காற்றிலோ அதே அளவில் 2.5 இலட்சம் கோடி கோடி உள்ளன. தன் ஈர்ப்பு வெப்ப அழுத்தத்தை விஞ்சும்போது முகில் சுருங்கும் என 1902இல் ஜீன்ஸ் நிறுவினார். அவ்வாறாயின், இக்குளிர் முகில்கள் யாவும் விரைந்து சுருங்கி விண்மீன்களாகி இருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை. தடுப்பது எது?

இவ்வினாவை எதிர்கொண்டோருள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கடல் கடந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன் ஒளி தளவிளைவுற்று வருவதை ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் அறிவித்தனர். விண்வெளித் தூசியைக் காந்தப்புலம் ஒழுங்குபடுத்துவதே அதன் காரணம் எனக் கொள்ளப்பட்டது. சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியுடன் இணைந்து சந்திரசேகர் 1953இல் இரு கட்டுரைகள் வெளியிட்டார்.

இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு காற்றில் சிறிதே அசையும். தளர்ந்த கயிறோ மிகுதியாக ஆடும். அதுபோல், கொந்தளிக்கும் வாயுவிடையே புலக்கோடுகள் எவ்வளவு வளைகின்றன என்பதைக் கொண்டு புலத்தின் வலிமையை அவர்கள் கணித்தனர். கிடைத்த விடை, ஒரு காஸில் பத்து இலட்சத்தில் 7 பங்கு. நிலவுலகின் காந்தப்புலத்தினும் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது அது. எனினும், புலத்தின் ஆற்றல் ஈர்ப்பாற்றலை விஞ்சுமிடத்து முகில் சுருங்காது என்பதை இரண்டாம் கட்டுரை காட்டிற்று.

டேவிஸ் என்பார் 1951இலேயே இம்முறையைத் தனித்துக் கண்டமையால், இன்று மூவர் பெயராலும் அது வழங்குகிறது. 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் அளித்த தரவுகளுக்கும் அது பயன்பட்டுள்ளது. காந்தப்புலமும் கொந்தளிப்பும் தடுப்பதில் எதன் பங்கு மிகுதி என்ற வழக்கு இன்னும் முடிந்திலது.

1983இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனை, நம் மாணவர்க்கு 1.4 என்னும் எல்லை எண்ணாகவே அறிமுகம் செய்து நின்றுவிடுகிறோம். அவ்வெண் விண்மீனின் இறுதியைக் கூறுவது. பிறப்பைக் குறித்தும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார் என்பதை அவர்கள் அறியாது போதல் நம் குறையே.