கராஷின் குடுவையில் புகுந்த காற்று

'பணம் பணத்தோடு சேரும்' என்பார்கள். கரிம வேதியியலின் புகழ்பெற்ற விதியொன்றை நினைவில் வைக்க நமக்கு இப்பழமொழியே போதும். ஆல்கீன்களில் இரு கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. ஹைட்ரஜன் புரோமைடு வந்து சேரும்போது அப்பிணைப்பின் ஓர் இழை அவிழ்கிறது. ஒரு கார்பனில் ஹைட்ரஜனும் மற்றதில் புரோமினும் அமர்கின்றன. எது எங்கே அமரும்? ஏற்கெனவே மிகுதியாக ஹைட்ரஜன் உள்ள கார்பனையே புதிய ஹைட்ரஜனும் நாடும் என்றார் ரஷ்ய வேதியியலாளர் விளாதிமிர் மார்க்கோவ்னிகாவ்.

கசான் பல்கலைக்கழகத்தில் பூட்லெரவின் மாணவராக இருந்த அவர், 1870-இல் வெளியான ஜெர்மன் கட்டுரையொன்றின் பின்னிணைப்பில் இதை எழுதினார். கையிலிருந்த சான்றுகள் சிலவே. எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897-இல்தான். ஆகவே இன்றைய விளக்கம் எதுவும் அவருக்குக் கிட்டியிருக்க வழியில்லை.

விதி நிலைத்தது, கூடவே ஒரு பூசலும் நிலைத்தது. ஒரே ஆல்கீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்த ஆய்வாளர்கள் வெவ்வேறு விளைபொருள்களைப் பெற்றனர். ஒளி, வெப்பம், கரைப்பான் என ஒவ்வொன்றின்மீதும் பழி விழுந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கராஷும் அவருடைய மாணவர் ஃபிராங்க் மேயோவும் அல்லைல் புரோமைடை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தனர். காற்றை முற்றிலும் நீக்கிய குடுவையில் வினை பல நாட்கள் ஊர்ந்து சென்று, விதிப்படி 1,2-டைபுரோமோபுரப்பேனைத் தந்தது. காற்றோ பெராக்சைடோ இருந்தால் சில மணி நேரத்திலேயே 1,3-டைபுரோமோபுரப்பேன் கிடைத்தது. 1933-இல் இம்முடிவு வெளியாயிற்று. காற்றுபட்டு நாளான ஆல்கீனில் பெராக்சைடு தானாகவே தோன்றிவிடும். பூசலிட்ட இரு தரப்பாரும் கண்டதையே சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய புட்டிகள்தாம் வேறு.

காரணம் 1937-இல் தெளிவாயிற்று. வழக்கமான எலக்ட்ரான் கவர் சேர்ப்பு வினையில் முதலில் நுழைவது நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன். அது ஓரக் கார்பனில் அமர்ந்து, நேர்மின்னேற்றத்தை அதனைத் தாங்க வல்ல அடுத்த கார்பனுக்கு விடுகிறது. புரோமின் பிறகு அங்கே வந்து சேர்கிறது. பெராக்சைடு இருந்தாலோ முதல் விருந்தாளி புரோமின் அணு. அதுவும் அதே ஓரக் கார்பனில்தான் அமர்கிறது. இணையற்ற எலக்ட்ரான் அடுத்த கார்பனில் தங்க, ஹைட்ரஜன் இரண்டாவதாக அங்கே வருகிறது.

இரண்டு வழிகளிலும், இடையில் தோன்றும் நிலையற்ற துகள் இருப்பவற்றுள் உறுதியான வடிவையே நாடுகிறது. மாறியது வருகையின் வரிசை மட்டுமே. மார்க்கோவ்னிகாவ் கண்டது விளைவை. அதன் காரணத்தை நாம் முழுமையாக உணர, அவ்விதி பொய்த்த ஒரு குடுவையும் தேவைப்பட்டிருக்கிறது. முரணான முடிவுகளைப் பிழையென்று ஒதுக்கியிருந்தால், தனி உறுப்புகளின் வேதியியல் நம்மை வந்தடைய இன்னும் காலமாகியிருக்கும்.