ஒரு கைப்பிடி நெல்.. மொத்த மூட்டைக்கும் முடிவு! மாதிரி எடுப்பது எப்படி?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு சீசன்ல நெல் மூட்டைகள் வந்து குவியும். எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால்தான் மாதிரி.

எப்படி எடுக்கணும்?

* பல மூட்டைகளில் மேல், நடு, அடி என குத்தூசியால் எடுத்துக் கலக்க வேண்டும்.
* அதை 4 பங்காக்கி, எதிரெதிர் 2 பங்குகளை மட்டும் வைத்து, திரும்பக் கலந்து அளவைக் குறைக்க வேண்டும்.
* கடைசியில் மிஞ்சுவதைத்தான் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் போடணும்.

ஏன் முக்கியம்?

அரசு கொள்முதலில் ஈரப்பதத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். நனைஞ்ச மூட்டையில் மட்டும் அள்ளினா, காய்ந்த நெல்லும் திரும்பிவிடும். காய்ந்த மேல்பகுதியில் மட்டும் அள்ளினா, ஈர நெல் குடோனுக்குப் போய் பூஞ்சை பிடிக்கும்.

மீட்டர் சரியா இருந்தாலும், மாதிரி தப்புன்னா முடிவும் தப்புதான். மாதிரி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்னு பாருங்க!