குடிநோய் (எளாவூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரம்)

நிறுத்த நினைத்தாலும் குடியை நிறுத்த முடியாத நோய்நிலை. இவ்வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர்ச் சோதனைச்சாவடி மதுக்கடத்தலையும் கண்காணிக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் உள்ளது.

உடனிருப்போரின் வற்புறுத்தலும் குடிக்கத் தூண்டும். தென்கொரியாவில் மேலாளரோடு சோஜு மது அருந்தும் ‘ஹ்வேசிக்’ விருந்தை ஊழியர் தட்டிக்கழிப்பது கடினம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் அந்த வற்புறுத்தல் கூட்டாளிகளிடமிருந்து வருகிறது. ஷிப்ட் முடிந்த இருவர் 180 மி.லி. குவாட்டர் ஒன்றை வாங்கி, ஆளுக்கொரு ‘கட்டிங்’ எனப் பிரித்துக்கொள்வார்கள். உடல்வலி, இரவுப்பணி கெடுத்த தூக்கம், ஊரைப் பிரிந்த தனிமை எல்லாம் அந்தப் பழக்கத்தை இறுக்குகின்றன. பரம்பரைக்கும் பங்குண்டு.

நாள்தோறும் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னைக் கூடுதலாகத் தூண்டிக்கொள்கிறது. மது நின்றதும் அந்தத் தூண்டல் மட்டும் மிஞ்சும். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும். இந்த அவஸ்தையை அடக்கவே பலர் மறுபடி குடிக்கிறார்கள். அவர்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று ஏசுவது அநியாயம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவக் கண்காணிப்பும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தேவைப்படும். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய, குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறது.