செங்காந்தளும் நீலகிரி லில்லியும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஆடி, ஆவணி மழைக்குப் பின் கொங்கு நாட்டுக் கிளுவை வேலிகளிலும், இலையுதிர் காட்டின் ஓரங்களிலும் அது தீயாய்ப் பூத்திருக்கும். நீலகிரி லில்லியைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிக்கு ஏறி, சோலையை ஒட்டிய புல்சரிவுகளில் தேட வேண்டும். இரண்டும் லில்லி வரிசைத் தாவரங்கள்தாம். ஆனால் அசல் லில்லிப் பேரினம் நீலகிரிக்காரிதான். அந்தப் பேரினம் உலகில் இயற்கையாக வளரும் தென்கோடியும் நம் மலைகளே.

இரண்டுமே வறண்ட மாதங்களை மண்ணுக்கடியில் கழிக்கின்றன. வெளியே வந்த பிறகு வழிகள் பிரிகின்றன. செங்காந்தளின் தண்டு தானாக உயர்ந்து நிற்காது. அதன் இலை நுனியே சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றி ஏறும். அதனால் அதற்கு ஒரு புதர் போதும். எந்தப் புதர் என்ற பிடிவாதம் இல்லை. லில்லி தன் தண்டிலேயே நிமிர்ந்து, புல்லுக்கு மேலே நீண்ட வெண்குழல் பூவை நீட்டும். அதற்குத் தேவை திறந்த வெயில், குளிர்ந்த மண், மரமில்லாத சரிவு.

செங்காந்தளின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். அதனால் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடுவோர் காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். கீல்வாத மருந்தான கோல்சிசின் அதன் விதையில் இருப்பதால் வந்த பயிர் இது. வயலில் அது பிழைத்துக்கொள்ளும். காட்டில் கிழங்கைத் தோண்டி எடுப்பதுதான் அதற்குக் கேடு. தோண்டுவதை நிறுத்தினால் போதும்.

லில்லியின் துயரம் அவ்வளவு எளிதில் தீராது. அதன் வீட்டையே நாம் தரிசு என்று கணக்கெழுதினோம். 19ஆம் நூற்றாண்டு முதல் சீகை, தைலமரம், பைன் என்று அயல் மரங்களைப் புல்வெளிகளில் நட்டோம். நிழல் விழுந்த இடத்தில் புல் போயிற்று. புல்லோடு லில்லியும் போயிற்று. சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டாண்டாக முளைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டில் அவசரமாகக் காக்க வேண்டியது லில்லியின் புல்வெளிதான் என்பேன். உதகையிலோ கொடைக்கானலிலோ மரம் நட யாராவது அழைத்தால், அந்த இடம் முன்பு புல்வெளியா என்று கேளுங்கள். ஆமென்றால், நடாதீர்கள்.