கொன்றவர் வாயால் வந்த சரித்திரம்

மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் கிடப்பது வட சுமத்திரா. நம் நாட்டைப் போலவே ரப்பரும் செம்பனையும் அடர்ந்த பூமி. மேடான் அதன் தலைநகர். ஒல்லாந்தர் ஆட்சியில் அங்கும் நம்மவர் கூலிகளாகச் சென்றனர். அவர் வழிவந்தோர் இன்றும் அந்நகரில் உளர். இத்துணை அருகிருந்தும், 1965-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தோட்டங்களில் நடந்ததை நம்மில் பலர் அறியார். அந்நாட்டுப் பிள்ளைகளே அறியாதபடி முப்பதாண்டுகளுக்கு மேல் மூடிவைக்கப்பட்ட செய்தி அது. அம்மூடியைப் பெயர்த்ததில் விவரணப் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. அப்படங்கள் பிறந்த கதை தோட்டத் தொழிலாளர் குடிசையில் தொடங்குகின்றதாகலின், அதனை நம் நேயர்களுக்குச் சொல்லுதல் கடமை எனக் கருதினோம்.

1965 செப்டம்பர் 30-ஆம் நாள் பின்னிரவில், ஜகார்த்தாவில் ஆறு ஜெனரல்களும் ஒரு லெப்டினன்டும் கடத்திக் கொல்லப்பட்டு, லூபாங் புவாயா என்னுமிடத்துப் பாழ்ங்கிணற்றில் எறியப்பட்டனர். ஜெனரல் சுகார்த்தோ படையைத் தம் கையில் கொண்டு, பழி முழுவதையும் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலையில் ஏற்றினார். அன்றுவரை அக்கட்சி சட்டப்படி நடந்துவந்த கட்சி. அதில் சேர்ந்திருப்பது குற்றமாகாது. அடுத்த சில மாதங்களில் மாண்டவர் தொகை 5 லட்சத்திற்குக் குறையாது என்றும், 10 லட்சம் வரை இருக்கலாம் என்றும் சரித்திர ஆசிரியர் கணிக்கின்றனர். குடியானவர், பள்ளி ஆசிரியர், மாதர் சங்கத்தார் எனப் பலரும் இதில் அடங்குவர். சுமத்திராவில் வேட்டைக்கு முதலில் இலக்கானவர்களுள் தோட்டத் தொழிற்சங்கமாகிய சார்புப்ரியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். சங்கத்தில் பெயர் கொடுத்திருந்ததே மரண ஓலையாயிற்று. இரவில் லாரியேற்றிச் சென்றனர். ஆற்றங்கரையில் வெட்டி நீரில் தள்ளினர்.

இதற்குப்பின் சர்க்கார் செய்த வேலையைக் கவனியுங்கள். 1984-ல் அரசாங்கச் செலவில், நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடும் ஒரு கதைப்படம் எடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ல் தொலைக்காட்சியில் அதனைக் காட்டினர். பள்ளிச் சிறுவர் பார்த்தே தீரவேண்டும். அப்படத்தில் பெண்ணொருத்தி சவரக் கத்தியால் ஜெனரலின் முகத்தைக் கீறுகிறாள். இரத்தம் தாராளமாக ஓடுகிறது. மாதர் சங்கத்தார் பிணங்களின் கண்ணைத் தோண்டினர், உறுப்பை அறுத்தனர் என்னும் வதந்தி 1965-லேயே படையினரின் பத்திரிகைகளால் பரப்பப்பட்டது. ஆனால் சுகார்த்தோவின் ஆணைப்படியே அப்போது பிணங்களைச் சோதித்த வைத்தியர்கள் அத்தகைய சிதைவு எதையும் காணவில்லை. அவர்களது அறிக்கையை பெனடிக்ட் ஆண்டர்சன் என்னும் அறிஞர் 1987-ல் வெளியிட்டார். பச்சைப் பிள்ளைகளுக்கு இரத்தக் காட்சி ஆகாது என்று அந்தச் சர்க்கார் ஒருபோதும் எண்ணியதில்லை! இலட்சக்கணக்கானோர் செத்த உண்மையைத்தான் வாய்விட்டுச் சொல்லலாகாது.

1998 மே மாதம் சுகார்த்தோ வீழ்ந்தார். 2000-ல் மத்திய ஜாவாவின் வோனோசோபோவில் ஒரு புதைகுழி தோண்டப்பட்டு எலும்புகள் எடுக்கப்பட்டன. அவற்றை முறைப்படி அடக்கம் செய்யப் போனபோது ஒரு கூட்டம் வழிமறித்துக் கலைத்தது. லெக்ஸி ரம்படேத்தா என்னும் இந்தோனேசியர் இதனைப் படமாக்கினார். எலும்புக்குக்கூட இடந்தராத பகை ஆட்சி மாறியும் மாறவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க இளைஞர், தொழிலாளரே தங்கள் வாழ்வைப் படமெடுக்கக் கற்பிப்பதற்காக மேடானுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்திற்கு வந்தார். அங்கே மருந்தடிக்கும் பெண்கள் தக்க காப்பின்றிக் களைக்கொல்லி தெளித்து நோயுற்றிருந்தனர். நம் தோட்டங்களில் மருந்துத் தோம்பு சுமந்த தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் சங்கம் அமைக்க விரும்பினர், ஆனால் அஞ்சினர். முன்பு சங்கத்திலிருந்த பெற்றோரும் பாட்டன்மாரும் 1965-ல் கொல்லப்பட்டிருந்தனர். கொன்றவர்கள் அண்டை வீட்டிலேயே குடியிருந்தனர். அந்தத் தொழிலாளர் படம் 2003-ல் வெளிவந்தது. அதன்பின் உயிர் தப்பியவர்களிடம் 1965-ஐப் பற்றிக் கேட்கப் புகுந்தபோது, அதிகாரிகள் மிரட்டித் தடுத்தனர். அப்பொழுது பாதிக்கப்பட்டவர்களே ஒரு வழி சொன்னார்கள்: எங்களை விடுங்கள், கொன்றவர்களைக் கேளுங்கள், அவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

சொன்னார்கள். அவர் ஒவ்வொருவராகச் சந்தித்த கொலைஞருள் நாற்பத்தோராமவர் அன்வார் காங்கோ. மேடான் சினிமாக் கொட்டகை வாசலில் கள்ள டிக்கெட்டு விற்ற முரடர்களுள் ஒருவர். கம்யூனிஸ்டுகள் அமெரிக்கப் படங்களை எதிர்த்ததால் வருமானம் போயிற்றென்ற வன்மமும் அவருக்கு உண்டு. இவர்களைத் தங்கள் செயலைத் தாங்கள் விரும்பும் சினிமாப் பாணியிலேயே நடித்துக்காட்டச் சொன்னார் ஓப்பன்ஹைமர். 2012-ல் வெளிவந்த 'கொலைச் செயல்' என்று பொருள்படும் படம் அவ்வாறு உருவாயிற்று. மாடியில் நின்று, அடித்துக் கொன்றால் இரத்த நாற்றம் தாங்கவில்லை, ஆகவே கம்பியால் கழுத்தை இறுக்கினேன் என்று அன்வார் விளக்குகிறார், பிறகு நடனமாடுகிறார். அக்காட்சியைத் திரையில் பார்த்ததும் அவருக்கு உண்டான வருத்தம் யாது தெரியுமா? வெள்ளைக் காற்சட்டை அணிந்து கொலைக்குப் போகமாட்டேன், உடை சரியில்லை என்பதே!

கொலைஞனுக்கு அரிதாரம் பூசி மேடையேற்றலாமா என்று பலர் கண்டித்தனர். கண்டனம் அற்பமானதன்று. படையின் கையும், அதற்கு ஊக்கமளித்த அமெரிக்க, பிரிட்டிஷ் வல்லரசுகளின் கையும் அப்படத்தில் போதிய அளவு தோன்றவில்லை. சில முரடர்களின் வெறியே எல்லாம் என ஒருவன் எண்ணிவிடக் கூடும். எனினும் பிணத்தைக் காட்டாமலே கொலையைக் காட்டிய முறை இது. சர்க்கார் படம் இரத்தத்தைக் காட்டிப் பொய்யை நம்பவைத்தது. இப்படத்திலோ கொலைஞன் தானே பலியாளாக நடித்து, கழுத்தில் கம்பி ஏறியதும் மேலே நடிக்க இயலாது போகிறான். இறுதியில் அதே மாடியில் குமட்டிக் குமட்டி நிற்கிறான். அது கழிவிரக்கமா நடிப்பா என்பதை எம்மால் துணிய முடியவில்லை.

எம் உள்ளத்தை அதிகம் அசைத்தது 2014-ல் வந்த இரண்டாம் படமே. கொலையுண்ட ஒருவருக்குப் பின் பிறந்த தம்பி, மூக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலினர். அவர் முதியோரான கொலைஞர்களின் வீடு சென்று, கண்களைச் சோதித்துக்கொண்டே, என் அண்ணனை ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார். குரல் உயர்வதில்லை. மிரட்டுவோர் உண்டு, மழுப்புவோர் உண்டு, தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்கும் ஒரு மகளும் உண்டு. 1967-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டிய செய்திப் படம் ஒன்றும் அதில் இடம்பெறுகிறது: சுமத்திராவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ரப்பர்த் தோட்டத்தில், கைதிகளான தொழிலாளர் துப்பாக்கி முனையில் வேலை செய்கின்றனர். அன்று அதனை வெற்றிச் செய்தியாக ஒலிபரப்பினார்கள்.

முதற்படம் வந்த 2012 அக்டோபரிலேயே ஜகார்த்தாவின் 'தெம்போ' வார இதழ் கொலைஞரின் வாக்குமூலங்களைத் தனி மலராக வெளியிட்டது. இரண்டாம் படத்தைப் பொதுவில் காட்டலாகாதென 2014 டிசம்பரில் தணிக்கைச் சபை தடுத்தது. அன்வார் 2019-ல் இயற்கையாக இறந்தார். 2023 ஜனவரியில் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ, 1965–66 கொலைகள் உள்ளிட்ட 12 கொடுமைகள் நடந்தது மெய்யே என ஒப்பி வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கோரவில்லை.

கண்ணாடிக்காரர் தம் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் தொலைவு பெயர நேர்ந்தது. முதற்படத்தின் முடிவில் உழைத்தோர் பட்டியல் திரையில் ஏறும்போது, உடன் இயக்கிய இந்தோனேசியர் முதல் வண்டியோட்டி வரை, வரிக்கு வரி வருவது ஒரே சொல்: பெயரிலி, பெயரிலி, பெயரிலி.