அப்பாவின் கையில் திடீர் ரத்தக்கட்டு: எழுபது வயதில் ஹீமோஃபீலியா வருமா?

உங்கள் அப்பா மர்பி டவுனில் இருக்கிறார், வயது 72 என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கருநீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. கேட்டால், "எங்கேயோ இடிச்சுக்கிட்டேன் போலிருக்கு" என்பார். அடுத்த வாரம் தொடையிலும் ஒன்று. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன. பி.டி. சரி. ஏ.பி.டி.டி. மட்டும் 80 விநாடி. (வழக்கமாக 25 முதல் 35 வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.)

இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பெறப்பட்ட ஹீமோஃபீலியா ஏ-வாக இருக்கலாம்.

பிறவி ஹீமோஃபீலியா மரபணுவில் வருவது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. இது அப்படியல்ல. ஆயுசு முழுக்க நன்றாக உறைந்த ரத்தத்தில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே ஃபேக்டர் 8 என்ற உறைவுப் புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஆண், பெண் இருவருக்கும் வரும். முதியவர்களிடம்தான் அதிகம், பிரசவமான சில வாரங்களில் இளம்பெண்களுக்கும் வரலாம். முடக்குவாதம், லூபஸ், புற்றுநோய் ஆகியவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை.

ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒன்றரைப் பேருக்கு வருவதாக பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 பேர் இருக்க வேண்டும். 501 நோயாளிகளைப் பதிவு செய்த ஐரோப்பியத் தரவுத்தொகுப்பிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்கு, நோயைக் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரத்தத்தைக் கலந்து பார்ப்பது ஏன்?

ஏ.பி.டி.டி. நீண்டால் அடுத்தது மிக்ஸிங் டெஸ்ட். நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலப்பார்கள். ஃபேக்டர் குறைவுதான் பிரச்னை என்றால் கலந்ததும் நேரம் சரியாகிவிடும். எதிர்ப்புப் புரதம் இருந்தால் வந்து சேர்ந்த புதிய ஃபேக்டரையும் அது அழித்துவிடும். சிக்கல் என்னவென்றால், இந்த எதிர்ப்புப் புரதம் மெதுவாகத்தான் வேலை செய்யும். கலந்தவுடன் பார்த்தால் எல்லாம் சரி போலத் தெரியும். 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துத் திரும்பப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அதனால், "இன்குபேஷன் செய்தீர்களா?" என்று லேபில் நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்புப் புரதமும் ஏ.பி.டி.டி.யை நீட்டும். ஆனால் அங்கே ரத்தம் கசியாது. தேவையில்லாத இடத்தில் உறையும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். எனவே ஃபேக்டர் 8 அளவையும், எதிர்ப்பின் வலுவைச் சொல்லும் பெதஸ்டா பரிசோதனையையும் செய்தே ஆக வேண்டும். இவை தெருமுனை லேபில் நடப்பவை அல்ல. ரத்தவியல் துறை உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். அங்கிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் காட்பாடி, வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறைக்குப் பெங்களூருவாசிகள் போய்வரும் வழிதான்.

சிகிச்சை இரண்டு பாதையில்

முதலில் கசிவை நிறுத்த வேண்டும். சாதாரண ஃபேக்டர் 8 கொடுத்தால் எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் அதையும் தின்றுவிடும். அதனால் அந்தப் படியையே சுற்றிக்கொண்டு போகும் மருந்துகள் தேவை: ஃபேக்டர் 7ஏ அல்லது ஃபீபா. ஃபேக்டர் 7ஏ-வை ஆரம்பத்தில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும். பில் லட்சங்களில் ஏறும். இன்ஷூரன்ஸ் கார்டை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எதிர்ப்புப் புரதத்தின் உற்பத்தியை அடக்குவது. பிரெட்னிசோலோன் அடிப்படை; தேவைப்பட்டால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு அல்லது ரிடக்ஸிமாப். பலன் தெரிய வாரங்கள் ஆகும். இதற்கிடையே வரும் காய்ச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள். வயதானவர்களுக்குக் கசிவைப் போலவே தொற்றும் உயிருக்கு ஆபத்து. எமிசிசுமாப் என்ற ஊசி மருந்தை இந்த நோய்க்கு ஜப்பான் 2022-ல் அனுமதித்தது.

சந்தேகம் இருக்கும்வரை தசையில் ஊசி, ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், பல் பிடுங்குவது எதுவும் வேண்டாம். வீக்கத்தைக் கீறி ரத்தத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் ஏ.பி.டி.டி. ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். குணமான பிறகும் சிலருக்கு நோய் திரும்பும். அதனால் முதல் சில மாதங்கள் அடிக்கடி ஏ.பி.டி.டி., ஃபேக்டர் 8 பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதிகளை அப்பாவிடம் விடாமல் உங்கள் போன் காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.