பாண்டியர் வாரிசுப் போரும் ஆர்ப்பாக்கத்து அச்சமும்

மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் 1170ஐ ஒட்டி மோதிக்கொண்டது உள்வீட்டுச் சண்டைதான். குலசேகரன் மதுரையை முற்றுகையிட, பராக்கிரமன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தண்டநாயகன் இலங்காபுரனின் படை கடல் கடப்பதற்குள் பராக்கிரமன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். ஆனாலும் படை வந்தது. இராமேசுவரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை எழுப்பி, உயிர் தப்பிய பராக்கிரமனின் மகன் வீரபாண்டியனை முன்னிறுத்திக்கொண்டு உள்நாட்டில் புகுந்தது. குலசேகரன் சோழனை நாடினான்.

இலங்கை வரலாற்று நூலான சூளவம்சத்தின்படி வெற்றி இலங்கைக்கே: வீரபாண்டியனுக்கு முடிசூட்டினார்கள், பராக்கிரமபாகு பெயரில் காசு வழங்கிற்று, பாண்டுவிஜயகம் என்று ஓர் ஊரும் எழுந்தது. சோழர் தரப்பின் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ இலங்காபுரன் முதலான தண்டநாயகர்களின் தலைகள் மதுரை வாயிலில் தைக்கப்பட்டன என்கிறது. சூளவம்சம் இலங்காபுரனின் முடிவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த இரண்டு பெருமைகளையும்விட நான் நம்புவது காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டை. சோழன் இரண்டாம் இராசாதிராசனின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. அதன்படி, ஈழப்படை இராமேசுவரக் கோயிலின் கதவுகளைப் பெயர்த்தது, பூசையை நிறுத்தியது. தொண்டி, பாசிப் பகுதிப் போர்களால் சோழநாட்டு மக்களும் கலங்கினர். தன் மகன் பல்லவராயன் போர்முனையில் நிற்க, சிற்றரசன் எதிரிலிசோழ சம்புவராயன் உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரிடம் போய் நின்றான். அவர் 28 நாள் வழிபாடு நடத்தினார். பகைவர் தோற்றோடிய செய்தி மகனிடமிருந்து வந்தது. ஆர்ப்பாக்கம் அவருக்குக் காணியாயிற்று. பூசையால் போர் வென்ற கதையை அவரவர் நம்பிக்கைக்கே விட்டுவிடலாம். ஆனால் ஒரு சிற்றரசன் தான் பயந்ததைக் கல்லில் வெட்டி வைப்பது அடிக்கடி நடப்பதன்று. மெய்க்கீர்த்தி எழுதும் புலவனுக்கு அந்த வேலை தெரியாது.

அதோடு போர் ஓயவில்லை. சோழர் தயவில் அரியணை ஏறிய குலசேகரன் பராக்கிரமபாகுவோடு கைகோத்தான். சோழர் அவனை விரட்டிவிட்டு, யாரை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் அமர்த்தினர். வீரபாண்டியனும் பின்னர் மாறினான். சோழன் மூன்றாம் குலோத்துங்கன் அவன்மேல் படையெடுத்து, ‘மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். குலோத்துங்கன் ஆட்சி முடியுமுன்பே மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான்.